தட்டினால் கேட்காத தொலைபேசி

அனுப்புநர்
மேற்பார்வையாளர்,
மருத்துவமனைச் சலவைப் பிரிவு.
(பெயர், வீட்டு முகவரி, இணைப்பு எண் தனித்தாளில்)

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
தொலைபேசி நுகர்வோர் பிரிவு.

பொருள்: வீட்டுத் தொலைபேசியை முறையான சம்மதமின்றி இணையவழி இணைப்பாக மாற்றியது – அதனால் என் கணவருக்கு நேர்ந்த விபத்து – பழைய கம்பி இணைப்பைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்தில் வலது கையும் காலும் முடங்கின, பேச்சும் போயிற்று. நினைவு தெளிவாக இருக்கிறது. இடது கை நடுங்குவதால் கைப்பேசித் திரை அவருக்கு வசப்படாது. பழைய தொலைபேசியின் ரிசீவரை மட்டும் எடுத்துவிடுவார்.

2. என் பணியிடத்தில் கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அலுவலகத் தொலைபேசியிலிருந்து பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் வீட்டுக்கு அழைக்க எனக்கு அனுமதி உண்டு. நான் கேட்பேன், அவர் ரிசீவரை விரலால் தட்டிப் பதில் சொல்வார். ஒரு தட்டு என்றால் ‘சரி’. இரண்டு தட்டு என்றால் ‘போலாம் ரைட்’, அதாவது பேசியது போதும், வேலையைப் பார் என்று பொருள். விடாமல் தட்டினால் உடனே வர வேண்டும். இந்த ஏற்பாட்டில்தான் நான் வேலைக்குப் போய் வந்தேன்.

3. சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு, நான் வீட்டில் இல்லாதபோது, நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வந்து கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டியை மாட்டிச் சென்றிருக்கிறார். பேச இயலாத என் கணவரின் இடது கையில் பேனாவைக் கொடுத்து ஒரு கீறல் வாங்கியிருக்கிறார். அது சம்மதக் கையொப்பமாம். அன்று மாலை பக்கத்து வீட்டிலிருந்து அழைத்துப் பார்த்தேன். அன்று அவரைப் பார்க்க வந்திருந்த என் நாத்தனார் எடுத்துப் பேசினார். குரல் முன்பைவிடத் தெளிவாகவே கேட்டது. நிம்மதியாக இருந்துவிட்டேன். அந்த நிம்மதியை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

4. மறுநாள் காலை, கைப்பயிற்சி செய்யாமல் அடம்பிடித்ததற்காக அவரைக் கடிந்துகொண்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் கோபத்தோடுதான் கிளம்பினேன். பதினொரு மணிக்கு அழைத்தபோது ரிசீவர் எடுக்கப்பட்டது. அதன்பின் சிறு ஓசையும் இல்லை. “இன்னும் கோவம் தீரலையா? சரி, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே இருங்க. மூணு மணிக்குக் கூப்புடுறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

5. ஐயா, அப்போது அவர் நாற்காலியிலிருந்து சரிந்து, முடங்கிய தோள் அடியில் சிக்கத் தரையில் கிடந்திருக்கிறார். தொலைபேசியை வயரோடு இழுத்துக் கீழே தள்ளி, ரிசீவரைத் தரையில் அடித்து அடித்து என்னை அழைத்திருக்கிறார். அதன் வாய்ப்பகுதி வெடித்திருப்பதைப் புகைப்படத்தில் காணலாம். அத்தனை அடியில் ஒன்றுகூட என் காதுக்கு வரவில்லை. மூன்று மணிக்கு இணைப்பே கிடைக்கவில்லை. ஓட்டமும் நடையுமாக நான் வீடு சேர்ந்தபோது மணி மூன்று இருபது. நான்கு மணி நேரத்துக்கும் மேலாக அவர் ஈரத்தில் கிடந்தார்.

6. தோள் எலும்பில் விரிசல். ஐந்து நாள் மருத்துவமனை. நான் பேசிய பேச்சுக்காகக் கட்டிலருகே நின்று மன்னிப்புக் கேட்டேன். கட்டில் கம்பியில் ஒரே ஒரு முறை தட்டினார்.

7. நிறுவனத்தில் மூன்று முறை புகார் செய்தேன். “பேசினா கேக்குது இல்லைங்களா மேடம்? அப்ப லைன்ல கோளாறு இல்லை” என்று மூன்று முறையும் புகாரை முடித்துவிட்டார்கள். அதன்பின் வந்த வயதான பழுதுபார்ப்பவர் மட்டும் தெருவில் நின்று தம் கைப்பேசியில் அழைத்து, என் கணவரைத் தட்டச் சொல்லிக் கேட்டார். உள்ளே வந்ததும் அவர் சொன்னது இது: “பேச்சுத் தெளிவா கேக்கணும்னு மத்த சத்தத்தையெல்லாம் இது அழிச்சிடுதும்மா. சார் தட்டுறதையும் இரைச்சல்னு நினைச்சுக்குது. இத நிறுத்துற அதிகாரம் என் கையில இல்ல. மேல எழுதிக் குடுங்க.” அதன்படியே எழுதுகிறேன்.

8. ஆகவே பழைய கம்பி இணைப்பை உடனே திரும்பத் தர உத்தரவிட வேண்டுகிறேன். அது இயலாதெனில், எங்கள் எண்ணுக்கு மட்டுமாவது இந்த ஓசை நீக்கத்தை நிறுத்தி, மின்சாரம் போனாலும் அந்தப் பெட்டி இயங்க ஒரு மின்கலமும் தரச் செய்யுங்கள். அந்தக் கீறலை எப்படிச் சம்மதமாக ஏற்றார்கள் என்பதையும் விசாரியுங்கள். தற்போது துணைக்கு இருக்கும் என் நாத்தனார் வரும் சனிக்கிழமை தம் வீட்டுக்குத் திரும்புகிறார். திங்கள் முதல் நான் பணிக்குச் செல்லாவிட்டால் வேலை போய்விடும். சென்றால் என் கணவர் தனியே இருப்பார்.

9. உத்தரவிடுவதற்கு முன் தாங்களே ஒருமுறை எங்கள் எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். என் கணவர் எடுப்பார். தங்கள் பதவியைச் சொல்லுங்கள். மரியாதையாக ஒரு தட்டு தட்டுவார். தங்களுக்கு எதுவும் கேட்காது. தயவுசெய்து உடனே வைத்துவிடாதீர்கள், ஐயா. நான் அப்படித்தான் வைத்தேன்.

நாள்: 9, புதன்கிழமை
இடம்: வீடு

இப்படிக்கு,
தங்கள் அழைப்பை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
நடத்துநரின் மனைவி

இணைப்பு: மருத்துவமனைச் சான்று, ரிசீவரின் புகைப்படம், புகார் எண்கள் மூன்று.