சும்மா வந்த பெயர்

புவெனஸ் அயர்ஸ்,
செப்டம்பர், கடைசி ஞாயிறு

அன்புள்ள சில்வினாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் ஜோர்டியும் குழந்தையும் பார்சிலோனாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம், இந்தத் தடவை அது வரவில்லை. நான் நடமாடுகிறேன், சாப்பிடுகிறேன், அதுவரைக்கும் குறையில்லை. இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். தொலைபேசி கூடத்தில் இருக்கிறது, உன் அம்மாவின் காது இன்னும் பழுதில்லாமல் இருக்கிறது, போதாததற்கு அவள் குரல் கேட்டதும் நீ வைத்துவிடுகிறாய். கட்டடத்தில் லிஃப்ட் மறுபடி நின்றுபோய்விட்டது, மூன்றாம் மாடிக்காரர்கள் அதைச் சரிசெய்வதா வேண்டாமா என்று கூட்டம் போட்டு, கூட்டத்தில் இந்த ஊர் வழக்கப்படி ஒருவருக்கொருவர் குழந்தைப் பருவத்தை விசாரித்துவிட்டுக் கலைந்தார்கள். தீத்தோ மாமா முட்டி வலியோடு ஊரிலிருந்து வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனார், எந்நேரமும் மாத்தே டீ குடித்தார், குடிக்காத நேரத்தில் அரசாங்கத்தைத் திட்டினார். குழந்தைக்கு இருமல் என்று ஜோர்டி சொன்னான். நெஞ்சில் கம்பளி படட்டும், ராத்திரி ஜன்னலை அடைத்து வை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை ஜோர்டிக்கும் படித்துக் காட்டு. அவன் பாலம் கட்டுகிறவன், அம்மா பாடம் நடத்தும் நாடகத்தை வாசித்திருக்க மாட்டான், அதனால் அவனுக்காகச் சுருக்கமாக. முற்றுகையில் ஒரு நகரம், ஆர்டேனா என்று ஒரு ராணி, வாசலை அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே பஞ்சம். மூன்றாம் அங்கத்தில் அவள் மகள் லிரேயா எதிரிக்குக் கதவைத் திறந்து விடுகிறாள், ராணி செத்துப்போகிறாள். மகள் ஏன் திறந்தாள் என்று எழுதாமலே நாடகாசிரியர் கண்ணை மூடிவிட்டார். அந்த ஓட்டைக்குள்தான் நம் ஊரில் பாதிப் பேர் குடியிருக்கிறார்கள். கதவு என்றால் கதவு இல்லை, அது தாயின் உடம்பு என்று ஒரு கோஷ்டி. மகள் திறந்தது அப்பாவுக்காக, அப்பா நாடகத்திலேயே இல்லை என்பதுதான் அதற்கு ஆதாரம் என்று இன்னொரு கோஷ்டி. உன் அம்மாவின் கட்சி உனக்குத் தெரியும்: ராணி நாடகம் முழுக்க மகளை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பெண்ணே பெண்ணே என்றுதான், தன் பெயரைத் தாய் வாயால் கேட்பதற்காகவே மகள் கதவைத் திறந்தாள். மனப்பகுப்பாய்வு படிக்க வரும் பிள்ளைகளுக்குச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் நாற்பது வருஷம் அவள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். நான் நாடக விமர்சனம் எழுதிப் பிழைத்தவன், மகளுக்குப் பசி, அதனால் திறந்தாள் என்று சொன்னேன், அன்றிலிருந்து வகுப்பு நடக்கும்போது என்னைச் சமையலறையில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரியில் நீ பேசும்போது அம்மா உன்னை லிரேயா என்று கூப்பிட்டாள். வேறு ஊரில் வேறு குடும்பத்தில் இது நடந்திருந்தால், என்னம்மா வயசாயிடுச்சா என்று சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். நீயோ “இருபது வயசுல நான் வீட்டை விட்டுப் போனதை இன்னும் மனசுல வச்சிருக்கீங்க, இப்பத்தான் தெரியுது” என்று சொல்லிவிட்டு வைத்தாய். பார்சிலோனா போயும் நம் ஊர்ப் பகுப்பாய்வாளரையே தேடிப் பிடித்து அவர் சாய்விருக்கையில் படுக்கிறாய், அவரும் கொஞ்ச நாள் விலகியிருப்பது நல்லது என்று சொன்னாராம். நான் அவரைக் குறை சொல்லவில்லை, அம்மாவிடம் கேட்டிருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

நீ அறியாதது அதற்குப் பிறகு இங்கே நடந்தது. வாய் தவறி வந்துவிட்டது என்று அம்மாவால் உனக்குச் சொல்ல முடியவில்லை. தன்னிடம் பகுப்பாய்வுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் வாய் தவறிவிட்டது டாக்டர் என்றார்களோ அத்தனை பேரிடமும், எதுவும் சும்மா வராது என்று சொன்னவள் அவள். தனக்கு மட்டும் எப்படிச் சலுகை கொடுப்பாள்? அதனால் உன்மேல் தனக்கு இருக்கும் வெறுப்பைத் தேட ஆரம்பித்தாள். பிப்ரவரி இங்கே கோடை விடுமுறை ஆனதால் இந்த ஊர்ப் பகுப்பாய்வாளர்கள் மொத்தப் பேரும் கடற்கரையில் இருந்தார்கள், அவள் தனியாகவே தேடினாள். இலையுதிர்காலம் முழுக்கத் தேடினாள். தேடினால் கிடைக்காதா, கிடைத்தது. நீ ஆறு வயதில் சூப்பைக் கொட்டினது, நீ பிறந்த வருஷம் அவளுக்கு வந்த ஒரு வேலை கைவிட்டுப் போனது. ஒரு நாள் காலையில் என்னிடம், “கிழவா, நான் என் பொண்ணை நேசிக்கவே இல்ல போலிருக்கு” என்று சொன்னாள். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். ரொட்டியின் இரண்டு பக்கமும் தடவினாள், அதை நான் பார்த்தேன், அதற்கும் ஒரு அர்த்தம் இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பிலும் அப்படியே. ராணியை மேஜை என்றாள், முற்றுகையைக் குளியல் என்றாள். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். கோர்ன்பிளிட் உனக்கு ஞாபகம் இருப்பார், அம்மாவின் பழைய மாணவர், பிரசங்கம் பண்ணும்போது கண்ணாடியைக் கழற்றித் தாடியில் துடைப்பார். அவர் அந்தக் குளியலை வைத்து ஒரு கட்டுரை எழுதி, அது பத்திரிகையிலும் வந்தது, நன்றாகவே இருந்தது. ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா பேசப் பேச ஒரு வார்த்தையும் வார்த்தையாக இல்லை. ஏற்ற இறக்கம் எல்லாம் சரியாக இருந்தது, கை வழக்கம்போல ஆடியது, நடுவில் பேச்சு மட்டும் இல்லை. சமையலறையிலிருந்து எனக்குக் கேட்டது. முடித்ததும் கை தட்டினார்கள். கோர்ன்பிளிட் கண் கலங்கி, “நெலிதா இன்னிக்கு மொழிக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்க” என்று என்னிடம் சொன்னார். எல்லோரும் படியிறங்கிப் போன பிறகு அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, “நான் என்ன பேசினேன்னு எனக்கே புரியல. அவங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?” என்று கேட்டாள்.

மறுநாளே நரம்பு வைத்தியரிடம் கூட்டிப்போனேன். இளம்பெண், உன் வயதுதான் இருக்கும். மூளையைப் படமெடுத்து, விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். சொற்கள் இருக்கும் இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. ரொம்ப நாளாகவே, உன்னோடு பேசியதற்கு முன்னாலிருந்தே. முதலில் பெயர்கள் போகும், பிறகு மற்றச் சொற்கள், முகங்கள் இன்னும் கொஞ்சக் காலம் இருக்கும், எவ்வளவு காலம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். மருந்து இல்லை. அம்மா தன் நோயைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் மகளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டேனே, அது ஏன் என்று மட்டும் கேட்டாள். “ஒண்ணுமில்லம்மா, ஒரு டிராயரைத் திறக்கப் போய்ப் பக்கத்து டிராயரைத் திறக்கறோம் இல்லையா, அவ்வளவுதான்” என்று சொல்லி அந்தப் பெண் அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

கோர்ன்பிளிட்டிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் தாடியில் துடைத்துவிட்டு, “எவரிஸ்தோ, இத்தனை நோய் இருக்கும்போது இந்த நோயை நெலிதா ஏன் தேர்ந்தெடுத்தாங்கன்னு யோசிச்சீங்களா?” என்று கேட்டார். நல்ல மனிதர், துக்கத்தில்தான் கேட்டார். வாசல் வரை போய் வழியனுப்பினேன். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் யாரும் வருவதில்லை, மாத்தே மட்டும் மிஞ்சுகிறது.

ஆகவே சில்வினா, நம் குடும்பத்தில் இதுவரை யாரும் யாருக்கும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா அன்று சொன்னதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. உனக்கு இது ஆறுதலாக இருக்காது என்று தெரியும், எனக்கும் இல்லை. அர்த்தம் இருந்திருந்தால் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம், வருஷக்கணக்காகப் பேசலாம், அதற்குத்தானே எல்லோரும் படித்திருக்கிறீர்கள். இதைப் பேசித் தீர்க்க வழியில்லை, பேச்சுதான் போய்க்கொண்டிருக்கிறது.

அம்மாவும் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. போன வாரம் அந்த டாக்டர் பெண்ணை மறுபடி பார்த்துவிட்டு டாக்ஸியில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். ஜக்கராண்டா மரங்கள் இன்னும் மொட்டையாக நிற்கின்றன. பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, “பக்கத்து டிராயர்னா... அந்தப் பேரு ஏன் அவ பேருக்குப் பக்கத்துல இருந்துச்சு, கிழவா?” என்று கேட்டாள். பழக்கம் விடுமா. டாக்ஸிக்காரரும் பதிலுக்காகக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், அவரும் எந்தப் பகுப்பாய்வாளரிடமோ வாரம் ஒரு தடவை போகிறவராக இருக்க வேண்டும். நான் யோசிக்காமல்தான் சொன்னேன்: “உன் ஆயுசுல நீ அதிகமாச் சொன்ன பேரு ரெண்டு. ஒண்ணு சோத்துக்கு, ஒண்ணு வீட்டுக்கு. ரெண்டையும் ஒரே இடத்துலதான வச்சிருப்ப?” வீட்டுப் படியேறும்போதுதான் அம்மா, சரி, அவளுக்கு எழுது என்றாள். எழுது என்ற சொல் வரவில்லை, விரலைக் காற்றில் அசைத்துக் காட்டினாள்.

உனக்குப் புத்தி சொல்லும் வயது எனக்கும் போய்விட்டது, கேட்கும் வயது உனக்கும் போய்விட்டது. ஆனாலும், உன் பகுப்பாய்வாளரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதாதே. அவர் கேள்வி கேட்பார், நீ பதில் தேடுவாய், அதற்குள் இங்கே காலம் போய்விடும். குழந்தையையும் கூட்டி வா, இருமல் நின்ற பிறகு. அம்மாவுக்குப் பிடித்த பாதாம் மிட்டாய் அங்கே கிடைக்குமே, அதில் கொஞ்சம் வாங்கி வா, பெயர் சொல்லிக் கேட்க இனி அவளுக்கு வராது. நீங்கள் மூன்று பேரும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும், உன் கை தொட்டதெல்லாம் கூடி வர வேண்டும். என் ஆசி எப்போதும் உண்டு, அம்மாவின் ஆசி அதைவிட உண்டு, அதைச் சொல்லும் வேலையும் இப்போது என்னுடையது.

முக்கியமான ஒன்று. விமான நிலையத்துக்கு அம்மாவையும் கூட்டி வருவேன். கூட்டத்தில் உன்னைப் பார்த்ததும் அவள் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக் கத்துவாள். என்ன பெயராக இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. உன்னைத்தான் கூப்பிடுகிறாள், திரும்பிப் பார்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
எவரிஸ்தோ