பந்தலில் மாட்டிக்கொண்ட சோழர் புத்தகம்

ராஜம்,

நீ மார்க்கெட்டுக்குப் போன பிறகு எதிர்வீட்டு வங்காளி அண்ணி, உன் பௌதி, வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். என் சோழர் புத்தகத்தைத் தெருமுனைச் சரஸ்வதி பந்தலில் கொண்டுபோய் வைத்தாயாமே. நாளைக்கு என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டுதலாம். யாரைக் கேட்டு வைத்தாய்?

நம் வழக்கப்படி நவராத்திரியிலேயே ஒரு நாள் படிக்காமல் இருந்துவிட்டேன். வங்காளிகள் தையில் செய்யும் பூஜைக்கும் நான் பட்டினி கிடக்க வேண்டுமா? நாளைக்குக் கண்ணைக் கட்டிவிடுவான். அந்த டாக்டரை நான் நம்பவில்லை. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்ததில் ராஜேந்திரன் கப்பல்கள் இப்போதுதான் நடுக்கடலுக்கு வந்திருக்கின்றன. அவை கடாரம் போய்ச் சேர்வதை இன்றைக்கே பார்த்தாக வேண்டும். கிதிர்ப்பூர் துறைமுகத்தில் ஆயுசு பூரா கப்பலுக்குச் சரக்கு ஏற்றினவன் நான், பாதியில் விடமாட்டேன்.

புத்தகத்தை எடுக்கப் பந்தலுக்குப் போகிறேன். ரசத்தைச் சுட வைத்துச் சாப்பிடு. சாவியைப் பௌதியிடம் கொடுக்காதே.

கண்ணாடியையும் புத்தகத்தோடு வைத்துவிட்டாயா? இதைக் குத்துமதிப்பாகத்தான் எழுதுகிறேன்.

சாப்பிட்டதும் நீயும் வா. வேண்டிக்கொண்டவள் நீ. திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று அந்தச் சாமியிடம் நீயே சொல். நான் சொன்னால் சண்டையாகிவிடும்.