கடைசி நூறு அடி

ஐப்பசி, திங்கள்

ஆந்திரா பிரிந்து, சித்தூர் அந்தப் பக்கம் போன வருஷம் இது. போய் மூணு வாரம்தான் ஆகிறது. காலையில் தூறல், பிறகு வெயில்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், என் வீட்டுக்காரி இவள் படுத்தபடியே எழுதுகிறாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். கால் உடைந்து படுத்ததும் ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னாள். "சும்மா மோட்டுவளையையே பாத்துனு கெடக்க முடியாது. எதனா சொல்லுங்க, எழுதறேன்." சரி, சொல்கிறேன்.

விழுந்தது நம் சந்தில்தான். நம் வீட்டுக்கு எதிரே, வண்டிப் பள்ளத்தில், தண்ணீர்க் குடத்தோடு. ஜட்கா சந்துக்குள் வராது. கட்டிலில் வைத்து நாலு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். பாதி வழியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். திரும்பி வந்ததும் சொன்னது ஒன்றுதான். "இனிமே பொணமானாதான் கட்டில்ல போவேன்."

மாசக் கடைசியில் கட்டுப் பிரிக்க வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கட்டு பிரித்து, மடக்கப் பழக்க வேண்டுமாம். விட்டால் கால் அப்படியே விறைத்து நின்றுவிடும். ஜட்கா வாசலுக்கு வந்தால் போவாள். இல்லையென்றால் மாட்டாள். நாற்காலியில் வைத்துத் தூக்குகிறேன் என்றேன். "தெருவே வேடிக்கை பாக்கவா?" என்றாள்.

இன்று முனிசிபாலிட்டி ஓவர்சியர் வந்தார். சின்ன வயசு, தொப்பி. பேசி முடிந்தது:
ஜல்லி, கிராவல், ரோலர் அவர்கள் தருவது.
ஆள் நாம். வீட்டுக்கு ஒருத்தர்.
வெள்ளிக்குள் பள்ளம் தூர்த்து மட்டம் செய்ய வேண்டும். சனி ரோலர்.
மழை பிடித்துக்கொண்டால் பொங்கலுக்கு அப்புறம்தான்.

பொங்கல் வரைக்கும் கால் காத்திருக்காது.

செவ்வாய்

மேகம். மழையில்லை. கடப்பாரை மூன்று, மண்வெட்டி ஏழு. கூடை போதவில்லை, மீன்காரம்மா இரண்டு கொடுத்தாள். வேலை முடிகிறவரை கையெல்லாம் மீன் வாசனை.

பள்ளத்துக்கு மண் பற்றவில்லை. நான்தான் யோசனை சொன்னேன். தோல் பதனிடுகிற ஷாப்பில் தொட்டியைக் காலி செய்தால் ஊறின ஆவாரம்பட்டைச் சக்கை மலையாகக் கிடக்கும். அதைத்தான் முற்றத்தில் கொட்டுவோம். சேறு மேலே வராது, தோல் சுமக்கிறவன் வழுக்கி விழ மாட்டான். நாற்பது வருஷம் அதன்மேல் நடந்தவன் நான். இரண்டு வண்டி வந்தது. சாயங்காலத்துக்குள் பள்ளம் எல்லாம் மூடியாயிற்று. மிதித்தால் மெத்தென்று இருந்தது.

ஜட்கா ஓட்டுகிற பாஷா சந்து முனையில் நின்று ஒரு காலை வைத்துப் பார்த்தான். "இன்னா தாத்தா, மெத்தை போட்டுட்டீங்க. என் குதிரை உள்ள வந்தா படுத்துத் தூங்கிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை.

புதன்

ராத்திரி நல்ல மழை. வேலை இல்லை. இவளுக்கு வலி ஜாஸ்தி. கஞ்சி நான் வைத்தேன். உப்பு கம்மி என்று எழுதிக்கொள்கிறாள். இது நான் சொன்னது இல்லை.

வியாழன்

அவமானம்.

ஓவர்சியர் வந்து பூட்ஸ் காலால் ஒரு மிதி மிதித்தார். கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து முழங்கால் வரை அடித்தது. நாற்றம் வேறு. "இன்னாங்க இது? ரோடு போட வந்தீங்களா, தோல் ஊறப்போட வந்தீங்களா? எட்டு டன் ரோலர். இதுமேல ஏறினா கிணத்துல எறங்கினா மாதிரி எறங்கும்!"

யார் யோசனை என்று கேட்டார். ஒருத்தரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பாஷாகூட. நானே முன்னால் போய் நின்றேன். பார்த்தார். தலை நரைத்தவனை என்ன சொல்வது என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அவரே மண்வெட்டியை எடுத்தார். அதற்கப்புறம் சந்து முழுக்க வேலையில் இறங்கியது. போட்டதையெல்லாம் திரும்பத் தோண்டினோம். பெண்கள் சக்கையை அள்ளிப்போய்க் கூரைமேல் காயப்போட்டார்கள், அடுப்புக்கு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கால் வலிக்க வலிக்கச் சிரித்தாள். நாற்பது வருஷம் தோலோடு சேர்ந்து மூளையும் ஊறிவிட்டதாம். இதையும் எழுதுகிறாள். எழுதட்டும். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

வெள்ளி

வெயில். சக்கையைக் கடைசிவரை எடுத்தபோது அடியில் கடப்பாரை ணங்கென்றது. கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தால் பாலாற்று உருண்டைக் கல். வரிசை வரிசையாக, ஒன்றோடொன்று நெருக்கி. சந்து முனையிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரை. ஓவர்சியர் குந்தி உட்கார்ந்து தடவிப் பார்த்தார். "யாருங்க போட்டது? இதுமேல ஜல்லி போட்டா இருபது வருஷம் அசையாது."

நாங்கள் போட்டது. முதல் உலகச் சண்டை முடிகிற சமயம், விஷக்காய்ச்சல் வந்த வருஷம். சேற்றில் பிணம்கூட வெளியே கொண்டுபோக முடியவில்லை. ஆறு பேர் சேர்ந்து பாவினோம். அப்புறம் மேலே மண் ஏறி மூடிப்போயிற்று. நானே மறந்திருந்தேன்.

சந்தோஷம் ஒரு மணி நேரம்தான். தோல் ஷாப்பு ஏஜென்ட் வந்து சந்துக்குக் குறுக்கே கயிறு கட்டினார். கடைசி நூறு அடி ஷாப்பு இடமாம். எங்கள் வீடு அதன் கோடியில். "கல்லை யார் வேணா புதைச்சிருக்கலாம். கயித்துக்கு இந்தப் பக்கம் ரோலர் வரக்கூடாது."

ஓவர்சியர் கோபப்படவில்லை. "பாவினவங்க ரெண்டு பேர் நாளைக்கு வந்து, தெருவுக்குன்னுதான் போட்டோம்னு சொல்லட்டும். எழுதிக்கிறேன். ரெண்டு பேர் இருந்தா போதும், ரோலர் கடைசி வீடு வரைக்கும் போகும். இல்லேன்னா கயிறோட நிக்கும்."

கணக்கெடுத்தேன்:
சின்னப்பன். கல் பாவின எட்டாம் நாள், அதே காய்ச்சல்.
காதர் பாய். கல் வந்தது அவர் வண்டியில். போன ரம்ஜானுக்கு முன்னால்.
முனிசாமி. தங்கவயலுக்குப் போனான். அங்கேயே போய்ச் சேர்ந்தான்.
யாகோபு. அவன் தம்பி மோசே. ஒரே மார்கழியில் இரண்டு பேரும்.
நான்.

"நான் ஒருத்தன்தான் மிச்சம்னு எழுது" என்றேன். எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு தபா யோசிச்சுப் பாருங்க."

எனக்கா மறக்கும்? எந்த வீட்டில் யார் எந்தக் கிழமை செத்தார் என்று கேளுங்கள், சொல்வேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பேனா மூடினதற்கு அப்புறம் உள்ளது சனிக்கிழமை சொன்னது.

சனி

மேகம் கறுத்துக் கிடக்கிறது. காலை எட்டு மணிக்கு ரோலர். புகை, சத்தம், எங்கள் பாத்திரமெல்லாம் ஆடியது. ஜல்லியை நொறுக்கிக்கொண்டு வந்து கயிற்றருகே நின்றது. சந்தே பின்னால் நின்றது.

நான் கைநாட்டு வைத்தேன். "இன்னொருத்தர்?" என்றார் ஓவர்சியர்.

ஏஜென்ட் சிரித்தார். "தாத்தா கல்லறைக்குப் போய் எழுப்பி இட்டாருவாரு, இருங்க."

ஓவர்சியர் அவர் பக்கம் திரும்பவில்லை. "தாத்தா, அவசரம் இல்ல. வேலை எப்படி நடந்துச்சு? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னேன். காதர் பாய் வண்டி பாலாற்றிலிருந்து கல் ஏற்றி வந்தது. சந்து முனையில் அச்சு வரை புதைந்துவிட்டது. அங்கேயே கல்லைக் கொட்டினார். நாங்கள் ஆறு பேரும் உள்ளே வரிசையாகக் குந்திப் பாவினோம்.

"குந்தி இருந்தீங்க. சரி. முனையிலேர்ந்து இங்க வரைக்கும் கல்லை யார் சுமந்தா?"

எங்கள் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

பெண்கள் சுமந்தார்கள். ஐந்து பேர். நாலு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஐந்தாமவள் அப்போது கல்யாணமாகி வந்து இரண்டு மாசம்தான். தலையில் சும்மாடு. ஈரக் கல், தண்ணீர் பிடரி வழியாக ஒழுகி ரவிக்கை நனைந்திருந்தது. ஒவ்வொரு கல்லையும் இறக்கிவிட்டு, நான் சரியாக வைக்கிறேனா என்று ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள். அந்தப் பார்வைக்காகவே நான் நேராக வைத்தேன். ஆம்பிளைகளை மட்டும் எண்ணிவிட்டேன். முப்பத்தைந்து வருஷமாக அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

"உயிரோட யாராவது இருக்காங்களா?"

"இருக்கா. இந்த வீட்டுக்குள்ளதான். எழுந்து வர முடியாது."

ஓவர்சியர் காகிதத்தோடு கயிற்றைத் தாண்டி எங்கள் வாசலுக்கு நடந்தார். ஏஜென்ட் தடுக்கவில்லை. வாசலில் நின்று பேனாவைத் திறந்தார்.

"பேர் சொல்லுங்க."

'இந்தா' என்றும் 'இவளே' என்றும் கூப்பிட்டே பழகிவிட்டது. இத்தனை பேர் முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. உள்ளே அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

சலோமி.