காவேரி பாடிய ருஷ்யப் பாட்டு

14.8.1977, ஞாயிறு. செமோர்.

வானொலியைக் கூடத்திலிருந்து சமையலறைக்கு மாற்றுவது என்று இன்று குடும்பம் கூடித் தீர்மானித்தோம். கூடத்து ஜன்னல் சாலையைப் பார்த்திருக்கிறது. எதிர்த்தவள் மகள் காவேரி மட்டும்.

வேரா என்ற ருஷ்யப் பெண்ணுக்கும் இவள் வயதுதான். போலந்தில் மூன்றாம் பரிசு, பல்கேரியாவில் இரண்டாம் பரிசு என்று அவள் ஏறிக்கொண்டிருப்பதைச் சிற்றலையில் கேட்டு வந்தோம். அவள் பாட்டொன்றைக் காவேரி பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்து, நேற்று ஈப்போ பாட்டுப் போட்டியில் பாடிவிட்டாள். அது காதலைப் பற்றியதா, டிராக்டரைப் பற்றியதா என்று எனக்கும் தெரியாது. கைதட்டல் ஓய்ந்ததும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார்.

"நல்லா பாடுதுலா உங்க மக. எந்த ஊருப் பாட்டுண்ணே?"

"ருஷ்யாங்க."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"ரேடியோதாங்க."

"காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுங்களும் ரேடியோதாண்ணே கேக்கிறானுங்க," என்று சிரித்தார். பிறகு அவளுடைய அடையாள அட்டையை, ஐசியை, வாங்கி எண்ணைக் குறித்துக்கொண்டார். அவள் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருக்கிறாள். போலீஸ் விசாரித்துச் சரி என்றால்தான் இடம்.

"அந்தப் பிள்ள பாடுனா கப்பு குடுக்கிறாங்க. நான் பாடுனா ஐசி கேக்கிறாங்களாப்பா?" என்றாள் காவேரி, இன்று இரவு சாப்பிடும்போது.

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தது. நானும் மனைவியும் காவேரியும் தட்டில் கை வைத்தபடியே இருந்தோம். அது பக்கத்து வீட்டுக்காரர். மறுபடி சாப்பிட முடியவில்லை. அந்தப் பாட்டு மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

காவேரி இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறாள். அவளுக்கு உடம்பு சரியில்லை, வரமாட்டாள் என்று போட்டி நடத்துகிறவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.