பிடுங்கி நட்ட கேரட்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் நலம், தும்மல் மட்டும்தான்.

விடுதித் தோட்டத்தில் நானும் என் அறைத்தோழியும் விதைத்த கேரட், இந்தக் குளிரில் இருபத்திரண்டு நாள் கழித்துத்தான் முளைத்தது. நம் கத்தரி நாற்றைப் போல நான் அத்தனையையும் பிடுங்கி, இடைவெளி விட்டு நட்டுவிட்டேன்.

"அடிப்பாவி! கேரட்டப் பிடுங்கி நட்டா வேர் கோணிக்கும்டி!" என்றவள், அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. இங்கே என்னோடு பேசுகிறவளே அவள் ஒருத்திதான்.

நேற்று மாலை உறைபனி விழும் என்றார்கள். செடிகளை மூடச் சால்வையோடு ஓடினேன். அவள் முன்பே வந்து தன் சால்வையை விரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி வேடிக்கை பாக்குற? அந்தப் பக்கம் மூடு!"

சால்வை இரண்டும் சேறாகிவிட்டன. புதிதாக இரண்டு அனுப்புங்கள், அப்பா, ஒரே நிறத்தில். சாப்பாட்டு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்