பீடிக்காரர்களுக்குச் சொன்னதும் ஜன்னத்துக்குச் சொல்லாததும்

காரைக்கால்
20-2-1956

சைகோனில் இருக்கும் மாப்பிள்ளை கபீர் அவர்களுக்கு,

என் மகள் ஜன்னத்துல் பிர்தௌஸின் இடது கண் உங்களால் போயிற்று. இதை எழுதிய பிறகுதான் எனக்குச் சலாம் சொல்ல வருகிறது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் எழுதிய கடிதம் போன வாரம் கிடைத்தது. பேட்டரிச் சார்ஜருக்குச் சேதம் உண்டா, ஈரம் படாமல் துணி சுற்றி வைத்தீர்களா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி, அவள் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்குப் பதில்தான் இந்தக் கடிதம். நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. தோணியில் மூட்டை ஏற்றும்போது சாக்கின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவன். நீங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். இருந்தாலும் நான் கீழே எழுதுவதில் ஒன்றைக்கூட உங்களால் மறுக்க முடியாது.

ஐப்பசியில் நீங்கள் விடுமுறைக்கு வந்து இறங்கியபோது அந்த மெஷினையும் கொண்டு வந்தீர்கள். பிரெஞ்சுப் பட்டாளம் சைகோனைக் காலி செய்யும்போது விற்ற சாமான் என்றீர்கள். பலகையில் துளை போடும் மெஷின் ஒன்று, அதை ஓட்ட இரண்டு பேட்டரி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி ஒன்று. கரண்டுக் கம்பி இல்லாத கடற்கரையிலும் பேட்டரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துளை போடலாம் என்றீர்கள். அரசலாற்று முகத்தில் கரையேற்றியிருந்த நம் தோணிக்கு அப்போது பலகை மாற்றிக் கொண்டிருந்தோம். தச்சன் தங்கப்பன் கயிறு சுற்றி இழுத்து ஒரு துளையை முடிப்பதற்குள் நீங்கள் ஒரு பலகையையே முடித்துக் காட்டினீர்கள். "மாப்ள, இத வச்சு எங்க வயித்துலயும் ஒரு தொளயப் போட்டுட்டுப் போங்க" என்று அவன் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கரண்டு வீட்டில்தான் இருக்கிறது என்பதால் கொல்லைக் கொட்டகையில் வைத்துச் சார்ஜ் போட்டீர்கள். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. தங்கப்பன் இப்போது சொன்னதை எழுதுகிறேன். பேட்டரியைத் தூக்கிப் போக அவனும் மூன்று ஆட்களும் பீடி புகைத்துக்கொண்டே உள்ளே நுழைந்திருக்கிறார்கள். நீங்கள் கத்தியிருக்கிறீர்கள். "யோவ், பீடிய வெளிய போட்டுட்டு வாங்கய்யா. சார்ஜ் ஏறுறப்ப இதுலேருந்து வாயு வரும். ஒரு பொறி பட்டாப் போதும், வெடிச்சுத் திராவகம் மூஞ்சில அடிச்சிடும்." அதற்காகத்தான் மூடிகளைத் திருகி எடுத்துவிட்டு, கொட்டகையின் படலையும் திறந்து வைத்திருந்தீர்களாம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்திருந்தீர்களாம். ஒரு நாள் தங்கப்பன் கையில் திராவகம் தெறித்தபோது அவன் மணிக்கட்டைப் பிடித்து அந்த வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினீர்களாம். அந்தக் கையை எனக்குக் காட்டினான். லேசாகச் சிவந்த ஒரு தழும்பு, அவ்வளவுதான்.

ஆக, எல்லாம் உங்களுக்குத் தெரியும். பீடி குடிக்கிற நாலு பேருக்கும் சொல்லிக் கொடுத்தீர்கள்.

கார்த்திகை மழையில் கொட்டகை ஒழுக ஆரம்பித்தது. சார்ஜரையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு போய் உங்கள் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். பெண் வீட்டில் மாப்பிள்ளை வந்து வாழ்வது நம் வழக்கம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுத்த அறையில் தகப்பன் கால் வைப்பதில்லை என்பதும் அதோடு சேர்ந்த வழக்கம்தான். வீடு என் பெயரில் இருந்தாலும் அந்த நிலைப்படிக்கு அப்பால் நான் போனதில்லை. ஜன்னத்தும் உங்கள் மாமியும் பேட்டரியைக் கொல்லை வாசல்வரை இழுத்துக்கொண்டு வருவார்கள், தங்கப்பன் எடுத்துப் போவான், தீர்ந்ததைத் திரும்பக் கொண்டு வந்து வைப்பான். எனக்குத் தெரிந்தது அது மட்டும்தான்.

விடுமுறை முடிந்து நீங்கள் சைகோனுக்குக் கப்பல் ஏறும் முன் உள்ளே அவளிடம் சொல்லிவிட்டுப் போனதை அவள் வாயாலேயே கேட்டேன். ஒரு சொல் விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறாள். "காலைல சுவிட்சப் போடு, மஃரிபுக்குப் பாங்கு சொன்னா அணைச்சிடு. சன்னலத் தொறக்காத, சாரல் அடிக்கும். மூடியெல்லாம் இறுக்கமாத் திருகி வச்சிருக்கேன், பாயில ஊத்தாது." இது எப்படிங்க வேலை செய்யுது என்று அவள் கேட்டிருக்கிறாள். அதற்கு நீங்கள், "தெரிஞ்சுக்கிட்டு நீ என்ன தோணியா கட்டப் போற?" என்றீர்களாம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள், மாப்பிள்ளை. நீங்கள் அவளோடு விளையாடியதை நினைத்துச் சிரித்தாள். கண்ணில் கட்டோடு உட்கார்ந்து சிரித்தாள்.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. நான் அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தேன். பாங்கு சொன்னதும் சுவிட்சை அணைத்திருக்கிறாள். உங்கள் சொல்லில் எதையும் அவள் மீறவில்லை. பிறகு, வியாழன் அந்தியோடு தொடங்கும் வெள்ளி இரவுக்கு எல்லா வீடுகளிலும் செய்வதுபோல் தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணி தூவி அறை அறையாகக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பகலெல்லாம் சார்ஜ் ஏறிய அறை, காற்றுப் போக வழியில்லாத அறை. கட்டிலுக்கு அடியில் புகை காட்டக் குனிந்திருக்கிறாள். சத்தம் எங்களுக்குப் பள்ளிவாசலில் கேட்டது. எங்கோ வெடி போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தேன்.

அந்த அறைக்குள் நான் முதல்முறை நுழைந்தது அன்றைக்குத்தான்.

உங்கள் மாமி கைருன்னிஸா அதைத் தீக்காயம் என்று எண்ணினாள். தூபக்கால் சிதறிக் கிடந்தால் வேறு என்ன எண்ணுவாள்? தண்ணீர் பட்டால் கொப்புளிக்கும் என்று முகத்தில் ஒரு சொட்டு படவிடாமல் தேங்காய் எண்ணெயைத் தடவினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினீர்களா என்றுதான். மழையில் எங்கள் முற்றத்துக் கிணறு குனிந்து மொள்ளும் அளவுக்கு நிறைந்திருந்தது. யாரும் ஒரு செம்பு எடுக்கவில்லை. அந்த வாளி எதற்கு என்று இங்கே தங்கப்பனுக்கு மட்டும்தான் தெரியும்.

இடது கண் முழுவதும் போய்விட்டது. வலது கண்ணில் பால் ஊற்றியதுபோல் திரை விழுந்திருக்கிறது. ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போய் ஆபரேஷன் செய்தால் அந்தக் கண் பிழைக்கலாம், நோன்பு வரை தள்ளிப் போட்டால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நோன்பு வர அதிக நாள் இல்லை.

இப்போது உங்களுக்குத் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். ஜன்னத் பாண்டிச்சேரிக்கு வர மறுக்கிறாள்.

உங்கள் தாயார் மஹ்பூபா பார்க்க வந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையின் தலையைத் தடவினார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். தடவிக்கொண்டே, "எம்புள்ள கடல் தாண்டித் தூக்கிட்டு வந்த சாமான். இப்படிப் போட்டு ஒடச்சிட்டியேம்மா. சாம்பிராணி காட்ட அந்த மூலைதான் கெடச்சுதா?" என்றார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு. "நான்தான் வாப்பா நெருப்பக் கொண்டு போனேன். அவங்க சாமான நான்தான் அழிச்சேன். எம்பேர்ல மன்னிப்புக் கேட்டு ஒரு கடுதாசி எழுதுங்க. மன்னிச்சுட்டேன்னு அவங்க எழுதட்டும், அப்பறம் எங்க கூப்பிட்டாலும் வரேன்" என்கிறாள். நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பது அந்த மன்னிப்புக் கடிதம்தான் என்று நினைத்துக்கொண்டு பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். எழுதியாச்சா வாப்பா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

நான் அவளுக்கு எடுத்துச் சொல்லாமல் இல்லை. தங்கப்பனை அழைத்து வந்து திரைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துச் சொல்லச் சொன்னேன். "தங்கச்சி, எங்ககிட்ட அவ்வளவு சொன்னாரும்மா, ஒங்கிட்ட சொல்லிருப்பாருன்னுதான நாங்க வாயத் தொறக்கல" என்று அந்த மனிதன் அழுதான். அவள் பதில் என்ன தெரியுமா? நீங்கள் சொல்லவில்லை என்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும், இன்னொரு தடவை தான்தான் கேட்டிருக்க வேண்டும் என்றாள். தகப்பன் சொன்னாலும் நம்பமாட்டாள், கண்ணால் பார்த்தவன் சொன்னாலும் நம்பமாட்டாள். உங்கள் சொல் ஒன்றைத்தான் நம்புவாள். அப்படி நம்பித்தான் இந்தக் கதிக்கு ஆளானாள்.

உங்கள் மாமி என்னோடு பேசுவதில்லை. கடைசியாகப் பேசியது இதுதான்: "மன்னிச்சுட்டாருன்னு நீங்களே ஒண்ண எழுதிப் படிச்சுக் காட்டுங்களேன். அவளுக்கா தெரியப் போவுது? ஒங்க வீம்புக்கு எம்புள்ள கண்ணையா பலி குடுப்பீங்க?" என்னால் முடியாது. வீம்பு என்றால் வீம்பாகவே இருக்கட்டும். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு அவளுக்குப் பார்வை வந்தால், வாழ்நாள் முழுவதும் தலையைக் குனிந்துகொண்டுதான் அந்தக் கண்ணால் பார்ப்பாள். உங்கள் தாயார் வரும்போதெல்லாம் முந்தானையை இழுத்து முகத்தை மூடுவாள். என் மகள் அப்படிப் பார்ப்பதற்கு நான் ஒரு வரி எழுதமாட்டேன். பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் எழுதி அனுப்பினால், அதை அடுப்பில் போடுவேன். இங்கே அவளுக்குக் கடிதம் படித்துக் காட்டுபவன் நான் ஒருவன்தான்.

தோணி தண்ணீரில் இறங்கிவிட்டது. உங்கள் மெஷின் போட்ட துளைகளில் ஒன்றுகூட ஒழுகவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மெஷினின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. தெரிந்தவன் கையில் அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. உங்கள் தாயாருக்கு மூட்டுவலி தேவலை. குரும்பகரத்து நிலத்தில் அறுப்பு முடிந்தது.

இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன்.

மிச்சமிருக்கும் பேட்டரியையும் சார்ஜரையும் தங்கப்பன் நாளைக்கே வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போவான். கடற்கரையில் நாலு பக்கமும் திறந்த கொட்டகை போட்டு அதில் வைப்பான். அங்கே கரண்டு இழுக்கும்வரை அது சும்மா கிடக்கட்டும். சார்ஜ் போடும் காலம் வந்தால் மூடியைத் திறந்து வைக்க வேண்டும், நெருப்பு கிட்டே வரக்கூடாது, பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதை அங்கே நுழைகிற ஒவ்வொருவருக்கும், சோறு கொண்டு வரும் பெண்களுக்கும் சேர்த்து, அவன் வாய்விட்டுச் சொல்வான்.

உங்கள் மாமி பாண்டிச்சேரிக்கு வேண்டிய துணிமணிகளைக் கட்டி வைப்பாள். என்னோடு பேசாமலேயே கட்டட்டும்.

நான் டாக்டருக்குச் சொல்லி இடம் பிடித்து வைப்பேன். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே அவளை வண்டியில் ஏற்றுவேன்.

உங்கள் தாயார் அந்தக் கடிதம் வரும் நாளில் இங்கே வந்து ஜன்னத்தின் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் உரக்கப் படிப்பதை முழுவதும் கேட்க வேண்டும்.

நீங்கள் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, உங்கள் கைப்பட, அவள் பெயருக்கு எழுத வேண்டும். எனக்குத் தெரியும், உன்னிடம் சொல்லவில்லை, தவறு என்னுடையது என்று எழுத வேண்டும். அதற்கு மேல் எழுதுவது உங்கள் இஷ்டம். கப்பல் தாமதமாகும் என்றால் தந்தி கொடுங்கள். தந்திக்கு அந்த மூன்று சொற்றொடர் போதும்.

ஜன்னத் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. நீங்கள் சொன்னதையெல்லாம் அவள் செய்துவிட்டாள்.

நோன்புக்கு முன்னால் எழுதிவிடுங்கள், மாப்பிள்ளை. அதற்கான மனதை அல்லாஹ் உங்களுக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஜன்னத்துல் பிர்தௌஸின் வாப்பா
அல்லா பிச்சை