எலுமிச்சம்பழத்தின் மேல் லண்டன்

என் தாய்க்கு நிகரான அக்கா,

நீ லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டாய்! இதைச் சொல்லத்தான் பூசையைக்கூட விரைந்து முடித்துவிட்டு எழுத அமர்ந்தேன். அண்ணாமலையார் பொறுத்துக்கொள்வார், இது அவர் நடத்திய கூத்துதானே.

நேற்று உன் மகள் மங்கை வந்து இறங்கினாள். லண்டனிலிருந்து பம்பாய், அங்கிருந்து சென்னை; பறந்தது மட்டும் பதினொரு மணி நேரமாம். முன்பு அவள் உனக்கு விமானச் சீட்டு அனுப்பியபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா? "அந்தரத்துல தொங்கிக்கினு நான் வரமாட்டேன். மலையச் சுத்தியே லண்டனுக்கு நடந்து வந்துடறேன், போ!" விளையாட்டாய்ச் சொன்னதை மறுநாளே நேர்ச்சையாக்கி, கோபுர வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டாய்.

பள்ளி நிலப்படத்தில் நூலைப் பிடித்து அளந்தவன் நான். சென்னைக்கும் லண்டனுக்கும் பத்தாயிரம் கிலோமீட்டர் வந்தது. ஒரு கிரிவலம் பதினான்கு கிலோமீட்டர். ஆகவே எழுநூற்றுப் பதினான்கு சுற்று. நாள்தோறும் சுற்றி வந்து, கால் கழுவுமுன்பே, "எழுதுடா தம்பி" என்பாய். அறுநூற்றுப் பதினொன்று என்று குறிப்பேட்டில் எழுதிய மறுநாள் நீ எழவில்லை.

நேர்ச்சை முடியாமல் போன உயிர் எந்தக் கடலுக்கு மேல் நின்று தவிக்கிறதோ என்று எத்தனை நாள் நடுங்கினேன் தெரியுமா? மீதி நூற்று மூன்றையும் நானே நடப்பதென்று தொடங்கி, நாற்பது முடித்திருந்தேன்.

இதைக் கேட்ட மங்கை, "பத்தாயிரமா? ஏது மாமா? விமானத்துல குடுத்த புஸ்தகத்துல எட்டாயிரத்து எரநூறுன்னுதானே போட்டிருக்குது!" என்றாள்.

"நூல் பொய் சொல்லுமா?" என்றேன்.

பூசைத் தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, குங்குமத்தால் இரண்டு புள்ளி வைத்து, நூலை அதன்மேல் வளைத்துக் காட்டினாள். "இந்தத் தோல உரிச்சுப் பரப்பினா கிழியுமில்ல? படத்துல கிழியாம இருக்க, வடக்குப் பக்கத்த இழுத்து நீட்டிடறாங்க. உங்க நூலும் கூடவே நீண்டுடுச்சு. பூமி உருண்ட மாமா! நீங்களும் அம்மாவும் அப்பளமாட்டம் அளந்துட்டீங்களே!"

அண்டங்கள் யாவும் உருண்டை என்று ஆலய மண்டபத்தில் ஆண்டுக்கணக்காய் விரிவுரை செய்தவன் நான், அக்கா. முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

குறிப்பேட்டைப் புரட்டினேன். எட்டாயிரத்து இருநூறு என்றால் ஐந்நூற்று எண்பத்தாறு சுற்றுதான். அதைக் கடந்து நீ இன்னும் இருபத்தைந்து சுற்றியிருக்கிறாய்! ஐந்நூற்று எண்பத்தாறுக்கு எதிரே என் கையெழுத்தில் ஒரு வரி: "அக்கா இன்றே இன்னொரு சுற்றுக் கேட்டாள். வெயில் என்று தடுத்தேன்." ஊர் சேர்ந்த களிப்பு உன் கால்களுக்கு மட்டும் தெரிந்திருந்ததோ?

மங்கை சிரித்தபடியே அழுதாள். "அப்ப அம்மா என் வீட்டு வாசலுக்கு வந்துட்டுத்தான் போனாங்களா மாமா?" என்றாள். ஆம் என்றேன். வேறென்ன சொல்வேன்?

எனில் உன் இருபத்தைந்தும் என் நாற்பதும் வீணா? இல்லவே இல்லை. மகளைப் பார்த்தவள் வீடு திரும்ப வேண்டாமா? அறுபத்தைந்து சுற்றுத் தொலைவு திரும்பிவிட்டாய். ஐந்நூற்று இருபத்தொன்றுதான் மீதி. நாளைக் காலை மங்கையும் செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு நடக்கிறாள். அவள் விடுமுறை முடிந்து பறந்த பின்னும் நான் நடப்பேன். உன்னை நம் ஊர் அருணைக்கு அழைத்து வராமல் இந்தக் கால்கள் ஓயமாட்டா.

வழித்துணையாய் வரும் உன் தம்பி,
கதிர்வேலன்